இரு கரைக்கும் ஒரு முளை

பிப்ரவரி 3, திங்கள்

நமொருதோ வந்து சேர்ந்தோம். கென்யாவின் வடக்குக் கோடி. தார் ரோடு முடிந்த பிறகு பதினாறு மணி நேரம் புழுதி. போர் போடுகிற ரிக் வண்டியில் நான், கம்ப்ரசர் லாரியில் என் உதவியாள் பொங்கியண்ணன். முதுகு இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும்.

நான் திருச்செங்கோட்டு ரிக்காரன், பேர் நாச்சிமுத்து. பத்தொன்பது வருசமாகத் தண்ணீருக்குப் போர் போடுகிறேன், இந்த நாட்டில் மூன்றாவது வருசம். போன மாதம் ஒரு ஊரில், படித்த ஆள் ஒருவர் வரைபடம் பார்த்துக் காட்டிய இடத்தில் அறுநூறு அடி போட்டேன். தண்ணீர் இல்லை, வெறும் பாறைப் புகைதான் வந்தது. கிளம்பும்போது ஒரு பொம்பளை, துளையிலிருந்து கிளம்பிய தூளை இரண்டு கையாலும் அள்ளி என் மூஞ்சியில் வீசினாள். துடைக்கக்கூட எனக்குக் கை எழவில்லை. இனி அடுத்தவன் காட்டுகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

இங்கே எங்களைக் கூட்டி வந்தவன் லோமுரியா. இது அவன் ஊர். நான்கு வருசம் எங்கள் ஆட்களின் ரிக்குகளில் ராடு மாட்டித் தமிழ் கற்றவன். கெட்ட வார்த்தை முதலில் வந்தது, மரியாதை பிறகு வந்தது. தொண்டு நிறுவனத்தின் வாசலில் இரண்டு வருசம் நின்று இந்தப் போரை ஊருக்கு வாங்கியவனும் அவன்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஊர் என்றால் ஒரு மணல் ஆறு, அவ்வளவுதான். வருசத்தில் நாலு நாள் ஓடுமாம். மேற்குக் கரையில் லோமுரியாவின் கூட்டம், கிழக்குக் கரையில் இன்னொரு கூட்டம். மாடு பிடிக்கப் போய் இரண்டு பக்கமும் செத்தவர்கள் ஏராளம். இப்போது இரண்டும் தண்ணீருக்காகச் சமாதானம் பேசியிருக்கின்றன.

காலையில் ஆற்றின் நட்டநடுவில் ஒரு வெள்ளைக் காளையை அடித்தார்கள். அதன் குடலைக் கீறி உள்ளேயிருந்த பச்சைச் சாணத்தை முள்மரத்தில் சீவிய ஒரு முளைக்குச்சியில் பூசி, மணலில் அடித்து இறக்கினார்கள். இரு கரைப் பெரியவர்களும் அதே சாணத்தை நெற்றியிலும் நெஞ்சிலும் பூசிக்கொண்டார்கள். எங்களுக்கும் பூசினார்கள். அப்படி ஒரு நாற்றம். பொங்கியண்ணன் லாரிக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தான்.

லோமுரியா எனக்கு விளக்கினான். "இந்த முளதானுங்ண்ணா போர் போடற எடம். ரெண்டு கரைக்கும் சமமா நடுவுல. தண்ணி வர்ற வரைக்கும் ரெண்டு சனமும் பக்கத்துல வரக்கூடாது. யாரும் பாத்து, எனக்குன்னு ஆசப்படக் கூடாது. முளையத் தொட்டவன அவன் கரையே அடிச்சுக் கொல்லோணும். அதான் சத்தியம்."

"நாங்க வெளியாளுக. எங்கள மட்டும் எப்படி விட்டாங்க?"

"நீங்க என் ஊட்டு விருந்தாளின்னு சொல்லியிருக்கேனுங். நீங்க செய்யறது எல்லாம் நான் செஞ்சாப்ல. அப்படிச் சொன்னாத்தான் உடுவாங்க."

சரி, ஏதோ கையெழுத்துப் போடுவது மாதிரி ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் காளைக் கறி. நன்றாகவே இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

கிரீஸ் அடித்தோம். ஹேமரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். பாறை உடைக்கிற பிட்டில் இரண்டு பொத்தான் தேய்ந்திருக்கிறது, பரவாயில்லை, ஓடும்.

இவர்கள் குடிக்கிற தண்ணீரைப் பார்த்தேன். ஆற்று மணலில் ஆள் ஆழத்துக்குக் குழி. அடியில் டீ நிறத்தில் ஊறுகிறது. மாடும் அதில்தான், கழுதையும் அதில்தான், மனுசனும் அதில்தான். லோமுரியாவின் மனைவி நக்கிரு குழிக்குள் இறங்கிச் சுரைக் குடுக்கையால் மொண்டு கொடுத்தாள், அவன் மேலே நின்று வாங்கினான். ஐந்து வயசுப் பெண் குழந்தை ஒன்று அவள் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

குழிக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னக் கல் குவியல்கள். பதினொன்று எண்ணினேன். எல்லாம் இந்த ஒரு வருசத்தில் வயிற்றுப் போக்கில் போன குழந்தைகள். அதில் இரண்டு லோமுரியாவுடையவை. "மூத்தது பையன், அடுத்ததும் பையனுங். இது ஒண்ணுதான் நிக்குது," என்று அந்தப் பெண்ணைக் காட்டினான். இங்கே புகை கிளம்பக் கூடாது. கிளம்பினால் நான் இந்தத் தொழிலிலேயே இருக்க மாட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இரண்டு கரை சனமும் மாடு கன்றோடு தூரமாகப் போய்விட்டது. லோமுரியா டீசல் வாங்க டவுனுக்குப் போனான், வர இரண்டு நாளாகும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நானும் பொங்கியண்ணனும்தான்.

ரிக்கை முளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் பின் சக்கரம் அச்சு வரை மணலில் இறங்கிவிட்டது. பலகை போட்டு, கல் போட்டு, லாரியால் இழுத்து வெளியே எடுக்க மூன்று மணி நேரம். பொங்கியண்ணன் சங்கிலியைத் தப்பாக மாட்டி, அது அறுந்து என் காதை உரசிக்கொண்டு போனது. கன்னத்தில் ஓர் அறை விட்டேன். அவனுக்கு உதடு கிழிந்துவிட்டது. நாற்பது வயசு ஆளை அடித்திருக்கக் கூடாதுதான். ஆனால் அது கழுத்தில் பட்டிருந்தால் நான் இருந்திருக்க மாட்டேன்.

அந்த மணலில் ரிக் நிற்காது. நின்றாலும் துளை சரிந்து மூடும். இதையெல்லாம் காளையை அடித்தவர்களுக்கு யார் சொல்வது? நீரோட்டம் பார்க்க, மொம்பாசாவிலிருந்து கொண்டு வந்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து ஆற்றின் குறுக்கே நடந்தேன். மேற்குக் கரை ஏறி, பாறை தொடங்குகிற இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. மூன்று தடவை நடந்தேன், மூன்று தடவையும் நின்றது.

இடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டோம். நடு ஆற்றிலிருந்து எண்பது அடி இருக்கும். சூடம் கொளுத்தி, சக்கரத்தில் எலுமிச்சை வைத்து ஆரம்பித்தோம்.

பிப்ரவரி 7, வெள்ளி

நூற்றி அறுபது அடி. புகை. பொங்கியண்ணன் என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 8, சனி

இருநூற்றி முப்பதடியில் பாறை வெடிப்பு. முதலில் ஈரப் புகை, பிறகு சேறு, பிறகு தண்ணீர் பனைமர உயரத்துக்கு எகிறியது. முழுசாக மூன்று இஞ்சுத் தண்ணீர். நானும் பொங்கியண்ணனும் கட்டிப்பிடித்துக்கொண்டு அதிலேயே நனைந்தோம். வாயில் போட்டுப் பார்த்தேன், கற்கண்டு. கம்ப்ரசரை நிறுத்தியதும் துளைக்குள் தொண்ணூறடி ஆழம் வரை ஏறி நின்றது. கைபம்புக்கு இதைவிட என்ன வேண்டும்? என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

சாயங்காலம் லோமுரியா டீசலோடு வந்தான். தண்ணீரைப் பார்த்து ஓடி வந்தவன், நடுவழியில் நின்றுவிட்டான். முளையைப் பார்த்தான். அது போர்வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

"முளைய யாருங்ண்ணா புடுங்குனது?"

போர் எங்கே இருக்கிறதோ அங்கேதானே முளையும் இருக்க வேண்டும். நிறுவனத்துக்குப் போட்டோ அனுப்ப வேண்டும், இரண்டும் ஒரே படத்தில் இல்லை என்றால் இடம் மாறிப்போச்சு என்று எழுதிவிடுவார்கள். இதை அவனிடம் சொன்னேன். அவன் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான். "இது எங்க கரைங்ண்ணா," என்றான்.

தண்ணீர் வந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று சொல்லி அவனை எழுப்பினேன். எந்த ஊரிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மேடை கட்டிக் கைபம்பு மாட்டினோம். சோதனைக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்து வைத்தேன். நாளை சனங்களை வரச் சொல்லியிருக்கிறது. லோமுரியா சாப்பிடவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்



மேற்குக் கரைப் பெண்கள் முதலில் வந்தார்கள். மஞ்சள் கேன்களைத் தட்டிக்கொண்டு பாட்டு. முதல் கேன் நிறைந்தபோது கிழக்குக் கரையார் ஆற்றைத் தாண்டி வந்தார்கள். நட்டநடு மணலில் வந்து நின்றார்கள். அங்கே முளை இருந்த குழி மட்டும் இருந்தது. முன்னால் வந்த கிழவர் குனிந்து அந்தக் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு மேற்குக் கரையைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார்.

பாட்டு நின்றது. யாரோ ஒரு பெண் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கிழக்குக் கரையான் ஒருவன் அவள் கேனைப் பிடுங்க, அவள் கணவன் தடியால் அவன் மண்டையில் போட்டான். தேங்காய் உடைகிற சத்தம். அவன் பம்பு மேடையிலேயே விழுந்தான். புதுசாகப் பூசின சிமெண்டில் ரத்தம் ஓடி வடிகாலுக்குள் இறங்கியது. அடுத்த நிமிசம் ஈட்டி, தடி, கல். ஒரு பெண்ணின் தோளில் ஈட்டி பாய்ந்து முன்பக்கம் வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாலைந்து பேர் ரிக்கை நோக்கி ஓடி வந்தார்கள். நான் ராடு கழற்றுகிற பெரிய ஸ்பானரை எடுத்தேன். ஒருவனைத் தோளைப் பார்த்துத்தான் அடித்தேன். அவன் விழுந்துவிட்டான். மற்றவர்கள் பின்வாங்கினார்கள். பிறகு கிழக்குக் கரையிலிருந்து துப்பாக்கி. ரிக்கின் டயர்களும் கம்ப்ரசர் லாரியின் டயர்களும் போயின. சக்கரத்துக்கு அடியில் மூஞ்சியைப் புதைத்துக் கிடந்தோம்.

மூன்று பேர் செத்தார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் கிழக்குக் கரை வந்து இரண்டு குடிசைகளைக் கொளுத்தியது. மத்தியானம் மேற்குக் கரை போய் மாட்டுப் பட்டிக்குள் புகுந்து சுட்டது. மாடும் ஆளும் சேர்ந்து கதறினால் எது எது என்று தெரியாது. போனில் போலீசைப் பிடித்தேன். ரோடு அப்படி, நாலைந்து நாளாகும் என்றார்கள்.

பம்பில் ஒரு ஆள் இல்லை. குழிக்குத்தான் போகிறார்கள், அதுவும் துப்பாக்கியோடு.

பிப்ரவரி 12, புதன்

இன்றும் இரண்டு சாவு. அரிசி தீர்கிறது. உப்புமாதான்.

பிப்ரவரி 13, வியாழன்

பொங்கியண்ணன் இன்றைக்குத்தான் வாயைத் திறந்தான்.

"ஏனுங்ண்ணா, முளையப் புடுங்குனது நாமன்னு சொல்லிப்போடலாமுங். முளை இருந்த எடத்துலதான் நாம போர் போட்டோம்னு நெனச்சு, அவிங்களுக்குள்ள ஒருத்தன ஒருத்தன் சந்தேகப்பட்டுச் சாவறாங்க. பாத்துட்டு எப்படிங்ண்ணா சோறு எறங்கும்?"

நான் அவன் கழுத்தைப் பிடித்துவிட்டேன். லோமுரியா வந்துதான் என் விரல்களைப் பிரித்தான். நாம என்று பொங்கியண்ணன் சொன்னது எனக்கு ஆகவில்லை. அவன் அன்றைக்கே "கேட்டுட்டுச் செய்யலாமுங்ண்ணா" என்று சொன்னவன். முளையை அவன் தொடவேயில்லை.

லோமுரியா என்னை லாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். "அண்ணா, வாயத் தொறக்காதீங். யாருன்னு தெரியாத வரைக்கும் யாரையும் அடிக்க முடியாது. எங்க கரைப் பெரியவர் எலிம் கெழவர் பேசிட்டிருக்கார். ஆள் தெரியலைன்னா, சாமி நகர்த்துச்சுன்னு சொல்லி இன்னொரு வெள்ளக் காளைய வெட்டி, முளைய இங்கயே புதுசா சத்தியம் பண்ணிக்கலாம். முன்னால அப்படி நடந்திருக்குதுங். ரெண்டு நாள் சும்மா இருங்."

"சாமி தலையில போட்டா இந்தச் சாவுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

"செத்தது என் சனமுங்ண்ணா. உங்களுக்கு ஏன் பதில் சொல்ல அவசரம்?"

அது எனக்குச் சுருக்கென்றது. நான் பயந்தவன், என்னை ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறான் என்றல்லவா ஆகிறது? அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சட்டை துவைத்தேன். மேடையில் காய்ந்திருந்த ரத்தத்தைத் தேய்த்துக் கழுவினேன், போகவில்லை. நான் அடித்த தண்ணீர் அப்படியே வழிந்து மணலுக்குள் போனது. இப்பேர்ப்பட்ட தண்ணீர்.

பிப்ரவரி 15, சனி

நாளைக்கு ஆற்று நடுவில் இரு கரைச் சபை. துப்பாக்கியில்லாமல் வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மேற்குக் கரையில் லோமுரியாவைச் சிலர் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எங்களோடு வேலை செய்கிறவன் என்பதால், தண்ணீர் வரும் முன் பக்கத்தில் வர உரிமையுள்ளவன் அவன் ஒருத்தன்தானே. என் காரியத்துக்கு அவன் சாவானா? ஆம்பளையாகப் பிறந்தவன் தன் காரியத்தைத் தானே சொல்ல வேண்டும். என்னை அடித்தால் அடிக்கட்டும். திருச்செங்கோட்டுக்குப் பெட்டியில் போகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இருநூறு பேர் மணலில் இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்பானரால் அடித்தவன் தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் இருந்தான். எலிம் கிழவர் முளையை நடுவில் வைத்து நீண்ட நேரம் பேசினார். கிழக்குக் கரைக் கிழவரும் பேசினார். குரல்கள் தணிந்துகொண்டே வந்தன. ஒருவன் ஒரு வெள்ளைக் காளையை ஓட்டிக்கொண்டு வந்தான். காரியம் முடியப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். முடியப்போகிறது என்று தெரிந்துதான் எழுந்தேன்.

அத்தனை சாவையும் ஒரு மாட்டைக் கொன்று துடைக்கிறார்களே, நான் பேசாமல் கறி தின்றுவிட்டு ஊருக்குப் போவதா என்று தலைக்குள் ஏறிவிட்டது. லோமுரியா என் சட்டையைப் பிடித்து இழுத்தான். உதறினேன். எனக்குத் தெரிந்த சுவாகிலியில் சத்தமாகச் சொன்னேன். முளையைப் பிடுங்கினது நான். இந்தக் கையால் பிடுங்கி, இந்தக் கையால் அங்கே அடித்தேன். வேறு யாரும் இல்லை. என்னை அடியுங்கள்.

ஒருவரும் அசையவில்லை. கிழக்குக் கரைக் கிழவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. எலிம் கிழவர் மட்டும் என்னிடம் சுவாகிலியில் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். விருந்தாளிக்கு இங்கே கை கிடையாது. விருந்தாளியின் கை வீட்டுக்காரனின் கை. அன்றைக்கு லோமுரியா எல்லார் முன்னாலும் அதைச் சொல்லித்தான் உங்களை இறக்கினான்.

பிறகு அவர் அழுதார். காளையைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள்.

லோமுரியா ஓடவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து மணலில் வைத்தான். என்னைப் பார்த்து, "சொல்ல வேண்டாம்னு சொன்னேனுங்ளே அண்ணா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ராடு தப்பாக மாட்டிவிட்டால் சொல்வானே, அந்தக் குரல்.

அவனோடு ஒன்றாக வளர்ந்தவர்கள், மேற்குக் கரையின் ஆறு பேர், தடியோடு எழுந்தார்கள். நான் பாய்ந்தேன். நாலு பேர் என்னை மணலில் அழுத்திப் பிடித்தார்கள், ஒருவனைக் கடித்தேன், விடவில்லை. ஆனால் ஒருவரும் என்னை அடிக்கவில்லை. முதல் அடி லோமுரியாவின் முழங்காலில் விழுந்தது. அவன் உட்கார்ந்ததும் முதுகில். எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். அடித்தவர்கள் எல்லாரும் அழுதுகொண்டே அடித்தார்கள். சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஒருவன் தலையில் போட்டான். அதற்குப் பிறகும் கால் ஆடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

போலீஸ் வந்தது. யாரும் ஒன்றும் பார்க்கவில்லையாம். நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். டயர் நாளை வரும். பொங்கியண்ணன் எனக்கு ஊட்டிவிடப் பார்த்தான். நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் பம்புச் சத்தம் கேட்டு எழுந்தேன். இரு கரைப் பெண்களும் ஒரே வரிசையில் கேன்களோடு நின்றார்கள். சண்டையில்லை. முளையை மறுபடி பம்புக்குப் பக்கத்திலேயே அடித்திருக்கிறார்கள். சத்தியம் தீர்ந்துவிட்டதாம், இனி இது இரு கரைக்கும் பொதுவாம். நான் நினைத்த இடத்திலேயே, நான் போட்ட துளையிலிருந்தே எல்லாரும் குடிக்கிறார்கள்.

நக்கிரு வரிசையில் இல்லை. அவள் மணல் குழியிலிருந்து ஏறி வருவதைப் பார்த்தேன். இடுப்பில் அந்தக் குழந்தை, கையில் குடுக்கை, குடுக்கையில் டீ நிறத் தண்ணீர். குழந்தை அதில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டே வந்தது.

எனக்கு வெறி பிடித்தது. ஓடிப் போய்க் குடுக்கையைத் தட்டிவிட்டேன். "அங்க நல்ல தண்ணி இருக்குது, எதுக்கு இத குடுக்கற?" என்று தமிழில் கத்தினேன். குழந்தை அழுதது. நக்கிரு அழவில்லை. பம்பு வரை நடந்தாள், வரிசை அவளுக்கு வழிவிட்டது. ஒரு தகர டம்ளர் நிறைய அடித்து, குழந்தை கைநீட்டியதைத் தள்ளிவிட்டு, என்னிடம் கொண்டு வந்து நீட்டினாள்.

அவள் சொன்னதை ஒரு பெண் சுவாகிலியில் சொன்னாள். நீ இன்னும் என் வீட்டு விருந்தாளிதான். வீட்டில் துக்கம் விழுந்தால் விருந்தாளி முதலில் தண்ணீர் குடிக்க வேண்டும். அவன் குடிக்காமல் வீட்டார் நல்ல தண்ணீரைத் தொடக் கூடாது. இரண்டு நாளாக நீ குடிப்பாய் என்று பார்க்கிறேன்.

அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் கையிலிருந்து வாங்கி, அங்கேயே நின்று, டம்ளர் காலியாகும் வரை குடித்தேன். அவள் டம்ளரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்க் குழந்தைக்கு அடித்துக் கொடுத்தாள்.